மீக்கடத்திகளிலும் காந்தமின்தடைப் பொருள்களிலும் ரேடியோ அதிர்வெண் திறன் இழப்பை அளத்தல்: கேள்வி பதில்

கேள்வி: மீக்கடத்தியின் மின்தடை சுழி என்று படிக்கிறோம். அப்படியிருக்க, அது ரேடியோ அலையின் திறனை உட்கவர்வது எப்படி, ஐயா?

பதில்: சுழி மின்தடை என்பது நேர்த்திசை மின்னோட்டத்துக்கே முழுமையாகப் பொருந்தும். மீக்கடத்தியில் தடையின்றி மின்னோட்டத்தைச் சுமக்கும் எலக்ட்ரான் சோடிகளான கூப்பர் இணைகளுக்கும் நிறை உண்டு. ஆகையால் மாறுதிசை மின்னோட்டத்தில் அவற்றை முடுக்குவதற்குப் பொருளின் மேற்பரப்பில் சிறியதொரு மின்புலம் இருந்தே தீர வேண்டும். இணை சேராத எலக்ட்ரான்கள் அந்தப் புலத்திலிருந்து ஆற்றலைப் பெற்று வெப்பமாக்கிவிடுகின்றன. இந்த இழப்பு ஏறத்தாழ அதிர்வெண்ணின் இருமடிக்கு நேர்விகிதத்தில் வளர்கிறது. ஏறத்தாழ 92 கெல்வினில் மீக்கடத்தியாக மாறும் இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடு வில்லைகளில் (பொடியை அழுத்திச் சுட்ட வட்டுகளில்) இன்னொரு காரணமும் சேர்கிறது: அவற்றின் துகள் எல்லைகள், 1962-இல் இயற்பியலாளர் ஜோசப்சன் முன்கணித்த சந்திகளை, அதாவது இரு மீக்கடத்திகளுக்கு இடையிலுள்ள மெல்லிய தடுப்புகளைப் போல நடந்துகொள்வதால், சில காஸ் அளவுள்ள காந்தப்புலம்கூட துகள்களுக்கு இடையிலான பிணைப்பைத் தளர்த்தி இழப்பைக் கூட்டிவிடும்.

கேள்வி: இதை அளக்க எளிய சுற்று எது?

பதில்: கம்பிச்சுருளும் மின்தேக்கியும் கொண்ட அலையியற்றியே போதும். மாதிரியைச் சுருளுக்குள் வைத்து, அலைவு நின்றுவிடும் எல்லைக்குச் சற்று மேலே சுற்றை இயக்கினால், மாதிரி கூடுதலாக எடுத்துக்கொள்ளும் மிகச் சிறு திறனும் அலைவின் வீச்சைக் கண்கூடாகக் குறைக்கும். அதிர்வெண்ணையும் உடன் பதிவுசெய்யுங்கள். வீச்சு இழப்பைச் சொல்கிறது. அதிர்வெண்ணோ சுருளின் மின்தூண்டல் எண்ணைச் சொல்கிறது. மீக்கடத்தி காந்தப்புலத்தை வெளியேற்றும்போது அந்த எண் குறைந்து அதிர்வெண் உயரும். ஒன்றை மட்டும் பார்ப்பவர் பாதிச் செய்தியையே பெறுகிறார்.

கேள்வி: காந்தப்புலத்தில் மின்தடை மாறும் காந்தமின்தடைப் பொருளான மாங்கனைட்டின் வில்லை ஒன்றில், சிறிய காந்தப்புலத்திலேயே உட்கவர்வு வெகுவாக மாறியது, நேர்த்திசை மின்தடையோ அசையவே இல்லை. அளவீட்டில் பிழையா?

பதில்: பிழையாக இருக்க வேண்டியதில்லை, இப்பொருள்களில் நான் மிகவும் மதிக்கும் தகவலே இதில்தான் இருக்கிறது. ரேடியோ அலை பொருளுக்குள் எவ்வளவு ஆழம் செல்லும் என்பதை மின்தடை எண்ணும் காந்த உட்புகுதிறனும் (பொருள் காந்தப்புலத்தைத் தன்னுள் எவ்வளவு செறிவாக்கும் என்பதன் அளவு) சேர்ந்து முடிவுசெய்கின்றன. மின்தடை எண் 0.0001 ஓம் மீட்டர் என்றும் அதிர்வெண் 10 மெகாஹெர்ட்ஸ் என்றும் கொண்டால், காந்தமற்ற பொருளில் அந்த ஆழம் ஏறத்தாழ 1.6 மில்லிமீட்டர், சார்பு உட்புகுதிறன் 10 என்றால் 0.5 மில்லிமீட்டர்தான். ஃபெர்ரோ காந்த நிலையில் சிறு புலமே உட்புகுதிறனைக் குறைக்கக்கூடும் என்பதால், மின்தடை மாறாமலேயே உட்கவர்வு மாறிவிடும். இதை மின்தடையின் மாற்றமாகப் படித்துவிடக் கூடாது.

மேலும், வில்லையின் தடிமன் அந்த ஆழத்தைவிட மிகப் பெரியதாக இருந்தால் மின்தடை எண் குறையக் குறைய உட்கவர்வு குறையும். மிகச் சிறியதாக இருந்தாலோ சுழல் மின்னோட்டம் வலுத்து உட்கவர்வு கூடும். எனவே குளிர்விக்கையில் தென்படும் ஒரு முகடு, நிலைமாற்றத்தால் அன்றி மாதிரியின் அளவால் மட்டுமே தோன்றியிருக்கலாம். அதே மாதிரியைப் பொடித்து மெழுகில் கலந்து மீண்டும் அளந்தால், முகடு இடம்பெயர்கிறதா என்பது தெரிந்துவிடும்.

கேள்வி: சுழிப் புலத்தருகே, இரைச்சலிலிருந்து குறிப்பிட்ட அதிர்வெண்ணின் சைகையை மட்டும் பிரித்தெடுக்கும் லாக்-இன் பெருக்கியில் கூர்மையான சைகை வந்தால் அது மீக்கடத்தலுக்குச் சான்றா?

பதில்: தனியே சான்றாகாது. ஃபெர்ரோ காந்தப் பொருள்களும் அங்கே சைகை தரும். மாறுநிலை வெப்பநிலைக்கு (மீக்கடத்தல் தொடங்கும் வெப்பநிலைக்கு) மேலே அது மறைகிறதா என்றும், காந்த ஏற்புத்திறன் (புலத்தில் பொருள் காந்தமாகும் அளவு) அதே இடத்தில் எதிர்க்குறிக்கு மாறுகிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: அலையியற்றியின் வீச்சை உண்மையான திறன் அலகுக்கு மாற்ற முடியுமா?

பதில்: முடியும். மதிப்பு தெரிந்த உயர் மின்தடையங்களை ஒவ்வொன்றாகச் சுருளுக்கு இணையாக இணைத்து, ஒவ்வொன்றும் உண்டாக்கும் வீச்சுக் குறைவை வரைபடமாக்கிக்கொள்ளுங்கள். அளவீடு நடக்கும் வெப்பநிலை முழுவதிலும் வெறுஞ்சுருளையும் ஒருமுறை ஓட்டிப் பதிவுசெய்வது இன்றியமையாதது, ஏனெனில் சுருளின் தாமிரமே குளிரும்போது மின்தடை குறைந்து, மாதிரியின் மாற்றத்தைப் போலத் தோற்றமளிக்கும். இறுதியாக, அலையின் வீச்சைப் பாதியாக்கிவிட்டு மீண்டும் அளங்கள். நிலைமாற்றம் வேறு வெப்பநிலைக்கு நகர்ந்தால், மாதிரி சூடாகிவிட்டது என்றோ, அலையின் புலமே துகள் சந்திகளைத் தளர்த்துகிறது என்றோ கொள்ள வேண்டும்.