தாய்மாமன் சீருக்காக மூன்றாவது குழுக் கடன் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 36. பெரும்பாக்கம் ஹவுசிங் போர்டில் குடியிருக்கிறோம். சோழிங்கநல்லூரில் இரண்டு அப்பார்ட்மெண்ட் வீடுகளில் சமையல் வேலை பார்க்கிறேன். 6,000-மும் 4,500-ம் தருகிறார்கள். கணவர் காண்ட்ராக்டில் செக்யூரிட்டி, 12 மணி நேர டூட்டி. பிஎஃப், இஎஸ்ஐ பிடித்தம் போக 13,200 கைக்கு வரும். மகளிர் உரிமைத் தொகை 1,000 வருகிறது. இரண்டு குழுக் கடனுக்கு மாதம் 2,650, 2,120 கட்டுகிறேன். தண்டல் என்கிற தினசரிக் கடனுக்கு நாளுக்கு 100. ஒன்றரைப் பவுன் செயினும் ஒரு பவுன் வளையலும் அடகுக் கடையில் தனித்தனி ரசீதில் 25,000-க்கும் 15,000-க்கும் இருக்கின்றன, இரண்டு வட்டி. எல்லாம் இரண்டு வருடம் முன்பு அவருக்கு மஞ்சள் காமாலை வந்து ஒரு மாதம் வேலைக்குப் போகாததில் ஆரம்பித்தது.

நான்கு மாதத்தில் நாத்தனார் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. இவரும் இவர் தம்பியும்தான் தாய்மாமன்கள். இவர் மூத்தவர் என்பதால் எங்கள் சீரைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். வெறுங்கழுத்தோடு போய் நிற்க முடியாது. குழுவில் இன்னொரு 50,000 தருகிறேன் என்கிறார்கள். வாங்கலாமா? "ரெண்டு பேரும் சம்பாதிக்கிறீங்க, காசு எங்கதான் போகுது?" என்று நாத்தனார் கேட்கிறார். வேலை செய்யும் வீட்டம்மா, "உங்களுக்கெல்லாம் கவர்ன்மெண்ட்டே எல்லாம் ஓசியில குடுக்குதே, அப்புறம் ஏன் கடன்?" என்கிறார். எனக்கே பதில் தெரியவில்லை. பெயர் போட வேண்டாம். வேலை கேட்கும்போதுகூட மேடவாக்கம் என்றுதான் சொல்வேன், பெரும்பாக்கம் என்று சொல்வதில்லை.

பதில்: வாங்காதீர்கள். அந்த 50,000-க்கு மாதம் 2,650 வீதம் 24 மாதம் கட்டினால் 63,600 ஆகும். அதைவிட முக்கியம், இப்போதே உங்கள் 24,700 வருமானத்தில் 8,570 கடனுக்கும் வட்டிக்கும் போகிறது. மூன்றாவது கடனும் சேர்ந்தால் 11,220. மாதத் தவணைகள் குடும்ப வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் இருந்து குழுக் கடன்களுக்கு வரம்பு வைத்திருக்கிறது. உங்கள் கணக்கு அந்தப் பாதிக்குள் வந்துவிடுவதால்தான் குழுக் கடன் தரும் கம்பெனிக்காரர் தாராளமாகத் தருகிறேன் என்கிறார். அது அவர் பணம் திரும்பி வருமா என்று பார்க்கிற கணக்கு. மாதம் 20-ஆம் தேதி உங்கள் வீட்டில் எண்ணெய் வாங்கக் காசு இருக்குமா என்று அதில் யாரும் பார்ப்பதில்லை.

இனி, காசு எங்கே போகிறது என்ற கேள்வி. உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அநாவசியச் செலவு என்று கை வைக்க எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. நீங்கள் தனியாக எழுதி அனுப்பிய தேதிகளைப் பார்த்ததும் விஷயம் பிடிபட்டது. இரண்டு குழுவுக்கும் தவணை நாள் 5-ஆம் தேதி. உங்களுக்கு இரண்டு வீட்டிலும் சம்பளம் 7-ஆம் தேதி. கணவருக்கு காண்ட்ராக்டர் போடுவது 10 அல்லது 12. இந்த ஒரு வார இடைவெளியை அடைக்கத்தான் தண்டல் வாங்குகிறீர்கள். கட்டாவிட்டால் குழுவில் மற்ற பெண்கள் உங்கள் பங்கைப் போட்டுக் கட்ட வேண்டிவரும், பிறகு தண்ணீர் பிடிக்கிற இடத்தில் பேச்சு வரும். அந்தப் பேச்சுக்குப் பயந்து நீங்கள் கொடுக்கிற விலை என்ன தெரியுமா? 8,500 வாங்கி, நாளைக்கு 100 வீதம் 100 நாளில் 10,000 கட்டுகிறீர்கள். 1,500 தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டே வருகிறது. சராசரியாகப் பார்த்தால் உங்கள் கையில் இருப்பது அதில் பாதிதான். சரியாகக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய பத்து வட்டி, அதாவது ஆண்டுக்கு 120 சதவீதம். உங்கள் வீட்டம்மா கார் லோனுக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூடக் கட்டமாட்டார்.

ஆகவே நாத்தனாருக்கு உங்கள் பதில் இதுதான்: சம்பளம் தாமதமாக வருகிறது, அது வெளியில் தெரியாமல் இருக்க நாங்கள் வட்டி கட்டுகிறோம்.

சரி, என்ன செய்வது? நகையில் இருந்து தொடங்குவோம். உங்கள் நகை இரண்டு வருடமாக ஒரே இடத்தில் கிடக்கிறது. அதற்குள் தங்கம் எங்கேயோ போய்விட்டது. மாதம் 800 வீதம் இதுவரை 19,200 வட்டி மட்டுமே கட்டியிருக்கிறீர்கள், அசல் ஒரு ரூபாய் குறையவில்லை. இன்றைய விலையில் அந்த ஒரு பவுன் வளையலை மட்டும் வைத்தாலே பொதுத்துறை வங்கியில் 51,000-க்கு மேல் தருவார்கள். வட்டி ஆண்டுக்கு 10 சதவீதத்தை ஒட்டி இருக்கும். 51,000 எதற்கு என்றால், அடகுக் கடை அசல் 40,000, தண்டலில் மீதமிருப்பதாக நீங்கள் எழுதியிருக்கும் 62 நாளுக்கு 6,200, ஒரு மாதத் தவணை 4,770. அவ்வளவுதான். வங்கியில் அதிகம் தருகிறேன் என்றாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

முதலில் வளையலை மீட்க 15,000 வேண்டும். ஆறு வருடமாக வேலை பார்க்கும் வீட்டில் இரண்டு நாளைக்குக் கைமாற்றாகக் கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும், தெரிகிறது. "அட்வான்ஸ் வேண்டாம், வெள்ளிக்கிழமை திருப்பித் தருகிறேன், வளையலை வங்கிக்கு மாற்றுகிறேன்" என்று காரணத்தோடு கேட்கும்போது பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். மறுத்தாலும் இன்னொரு வீடு இருக்கிறது. வளையலை வங்கியில் வைத்து வந்த பணத்தில் கைமாற்றைத் திருப்பி, செயினை மீட்டு, தண்டலையும் முடித்துவிடுங்கள். இதோடு செயின் வீட்டுக்கு வந்துவிடும். விழாவுக்கு அதைத்தான் போட்டுக்கொண்டு போகப் போகிறீர்கள்.

பெரும்பாக்கம், கண்ணகி நகர் விலாசத்தைப் பார்த்தாலே கடன் விண்ணப்பத்தை ஓரம் வைப்பார்கள் என்பது அங்கே எல்லோரும் பட்ட அனுபவம். ஆற்றங்கரையிலிருந்தும் நகரத்துக்கு நடுவிலிருந்தும் ஆட்களைப் பெயர்த்து அங்கே கொண்டுபோய் வைத்தது அரசாங்கம். அந்த விலாசத்துக்கான கெட்ட பேரை மட்டும் குடியிருப்பவர்கள் சுமக்க வேண்டியிருக்கிறது. நகைக் கடனில் இந்தத் தொல்லை குறைவு. அங்கே எடை போடுவது வளையலைத்தான். ஆதாரும் பான் கார்டும் போதும். உரிமைத் தொகை வருகிற வங்கியிலேயே கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. தண்டலை நிறுத்தியதும் மாதம் 3,000 மிச்சம் என்று நினைத்துவிடாதீர்கள். புதுத் தண்டலில் வரும் 8,500-ம் இனி வராது. உண்மையான லாபம் மாதத்துக்கு 450 தான். நகை வட்டி 800-லிருந்து 425 ஆகக் குறைவதில் 375. ஆக 825. பெரிய தொகை இல்லை. ஆனால் கையில் அந்த 4,770 இருப்பதால் 5-ஆம் தேதி யாரிடமும் போக வேண்டியதில்லை. 12-ஆம் தேதி சம்பளம் வந்ததும் முதல் வேலையாக அதை மறுபடி அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் போட்டு நிரப்பிவிட வேண்டும். வேறெதற்கும் அதைத் தொடக் கூடாது, சீருக்கும்கூட.

அடுத்து ஓசி விஷயம். ஷேர் ஆட்டோவுக்கு மாதம் 1,000 ஆகிறது, இலவச பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் ஒரு மாதிரி பார்க்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். மாமியாருக்கு பிபி, சுகர் மாத்திரை 900-க்கு வெளியில் வாங்குகிறீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுப்பதோடு, 2021-ல் வந்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்தும் தருகிறார்கள். வருடம் 12 லட்சம் வரை வருமானம் உள்ள சம்பளக்காரர் புதிய முறையில் 2025-26 முதல் வருமான வரியே கட்ட வேண்டியதில்லை. அதை யாரும் ஓசி என்று சொல்வதில்லை, சலுகை என்கிறார்கள். நீங்கள் சோப்புக்கும் ஃபோன் ரீசார்ஜுக்கும் ஜிஎஸ்டி கட்டுகிறீர்கள். பஸ்ஸில் ஏறுங்கள். மாத்திரையை வாங்குங்கள். இந்த இரண்டிலும் 1,900. முன்பு சொன்ன 825-உடன் மாதம் 2,725. நான்கு மாதத்தில் 10,900.

சீருக்கு வரம்பு 10,000. இதில் பாவாடை தாவணி, மாலை, பழம் இனிப்பு வைத்த தட்டுகள் வந்துவிடும். தங்கம் வேண்டாம். தாய்மாமன் சீர் செய்யாமல் இருந்துவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்லும் ஆலோசகர்கள் எந்த ஊரில் வளர்ந்தார்களோ தெரியவில்லை. நாளைக்கு உங்கள் மகளுக்கு ஒன்று என்றால் வந்து நிற்கப் போவதும் அதே உறவுதான். ஆனால் தங்கம் இல்லை என்பதை மண்டபத்தில் வைத்துத் தெரியவிடக் கூடாது. உங்கள் கணவர் தம்பியையும் அழைத்துக்கொண்டு இந்த மாதமே தங்கை வீட்டுக்குப் போய், "இப்போ துணியும் தட்டும், கல்யாணத்துக்கு நகை" என்று சொல்லிவிட வேண்டும். நீங்கள் சொன்னால் அண்ணி தடுத்தாள் என்றாகும். அவர் வாயால் வர வேண்டும்.

குழுவின் கலெக்‌ஷன் ஆள் காலை 7 மணிக்கே வாசலில் வந்து சத்தம் போடுவதாக எழுதியிருந்தீர்கள். இந்தக் கடன்களுக்கு காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்காகத் தொந்தரவு செய்யக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. பொதுவாகப் பேசி வைத்த ஓர் இடத்தில்தான் வசூலிக்க வேண்டும். அந்த இடத்துக்கு நீங்கள் தொடர்ந்து இரண்டு முறை வராமல் போனால்தான் வீட்டுக்கு வரலாம். சொந்தக்காரர்களிடமோ அக்கம்பக்கத்திலோ சொல்லி மானத்தை வாங்கக் கூடாது. கடன் அட்டையில் புகார் எண் இருக்கும், முதலில் அங்கே சொல்லுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் 14448 எண்ணில் புகார் செய்யும் வழியைக் கேட்கலாம். தவணை நாளை 5-லிருந்து 15-க்கு மாற்றித் தரச் சொல்லியும் இப்போதே எழுதிக் கொடுங்கள். மாற்றினால் உங்கள் பிரச்சினையில் பாதி தீர்ந்தது. முதல் கடன் இன்னும் ஒன்பது மாதத்தில் முடிகிறது. அதன் பிறகு அந்த 2,650-ஐ அப்படியே வளையல் அசலில் கட்டுங்கள். ஒன்றரை வருடத்துக்குக் கொஞ்சம் மேலே, அதுவும் வீட்டுக்கு வந்துவிடும்.

இந்தக் கடனெல்லாம் ஆரம்பித்த அந்த மஞ்சள் காமாலை மாதத்துக்கு வருகிறேன். மாதாமாதம் கணவர் சம்பளத்தில் 0.75 சதவீதம் இஎஸ்ஐக்குப் பிடிக்கிறார்கள், நிறுவனம் 3.25 சதவீதம் கட்டுகிறது. அதற்கு மருத்துவம் மட்டுமல்ல, உடம்பு சரியில்லாமல் வேலைக்குப் போகாத நாளுக்கு சம்பளத்தில் 70 சதவீதமும் உண்டு, வருடத்துக்கு 91 நாள் வரை. முந்தைய ஆறு மாதப் பிடித்தக் காலத்தில் குறைந்தது 78 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும், இஎஸ்ஐ மருத்துவர் சான்று தர வேண்டும். அன்று தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் கே.கே. நகர் இஎஸ்ஐக்குப் போயிருந்தால் 30,000 பில்லும் இல்லை, கைக்கு ஏறக்குறைய 10,000-ம் வந்திருக்கும். அங்கே வரிசை நீளம்தான், மறுக்கவில்லை. காண்ட்ராக்டரும் இதைச் சொல்லியிருக்கமாட்டார். கணவரின் இஎஸ்ஐ எண்ணை வாங்கி, உங்கள் பெயர், பிள்ளைகள் பெயர், மாமியார் பெயர் அதில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். காண்ட்ராக்டர் பணத்தைப் பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்டிருந்தால் அதுவும் அப்போது தெரிந்துவிடும்.

உங்களுக்கு இஎஸ்ஐ கிடையாது. ஆனால் வீட்டுப் பணியாளர்களுக்கென்று தமிழ்நாட்டில் 2007-லிருந்து தனி நல வாரியம் இருக்கிறது. பிள்ளைகள் படிப்பு, விபத்து, 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் எல்லாம் அதில் உண்டு. தொழிலாளர் துறை அலுவலகத்தில் பதியுங்கள். வங்கிக்குப் போகும் அன்றே ஆண்டுக்கு 20 ரூபாய் விபத்துக் காப்பீடும், 436 ரூபாய் ஆயுள் காப்பீடும் இருவர் பெயரிலும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொன்றும் 2 லட்சம்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. மகன் ஐந்தாம் வகுப்பு, மெட்ரிக் பள்ளி, ஆண்டுக்கு 28,000. மூத்தவளை அரசுப் பள்ளியில் போட்டோம், இவனையாவது நல்ல பள்ளியில் படிக்க வைக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் உங்கள் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்பதால், கல்லூரி போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 பெறுவாள். மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்றவற்றில் 2021 முதலும் உள்ள 7.5 சதவீத உள்ஒதுக்கீடும் அவளுக்கு உண்டு. அதில் இடம் கிடைத்தால் படிப்புச் செலவை அரசே ஏற்கிறது. இவை எல்லாவற்றுக்கும் நிபந்தனை ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி. அதாவது மகன் விஷயத்தில் முடிவெடுக்க உங்களுக்கு வருகிற ஜூன் வரைதான் நேரம். ஏழாம் வகுப்பில் மாற்றினால் 28,000 மிச்சமாகும், அந்த ஒதுக்கீடு கிடைக்காது.

பக்கத்து அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு யார் எடுக்கிறார்கள், வகுப்பில் எத்தனை பேர் என்று ஒரு நாள் கணவனும் மனைவியும் நேரில் போய்ப் பாருங்கள். நானாக இருந்தால் மாற்றுவேன். ஆனால் பையன் படிப்பைக் கணக்கு நோட்டை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. மாற்றுவது என்று முடிவானால், ஃபீஸ் பாக்கியைச் சொல்லிப் பழைய பள்ளி டிசி தர மறுக்கக் கூடும். கட்டண வசூலுக்கு டிசியைக் கருவியாக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் சொல்லிவிட்டது. பாக்கியை நீங்கள் கட்டத்தான் வேண்டும், ஆனால் அதற்காக டிசியை நிறுத்தி வைக்க அவர்களால் முடியாது.