கடை வாசல் வெயில் (கடிதம்)

அன்புள்ள அண்ணா,

சொந்த ஊர் பாலக்கோடு. ஆறு வருடமாகத் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை லேபில் கலர் மேட்சிங் பார்க்கிறேன். மெஷின் பாஸ் போட்ட லேப் டிப்பை, அதாவது சாயம் போட்ட மாதிரித் துண்டைக்கூட பையர் ‘சிவப்பு அடிக்குது’ என்று திருப்பி அனுப்புகிறார். ஊரில் ‘கலர் பாக்கவா படிச்சே?’ என்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு வந்து இயற்கைச் சாயம் போடலாமா?

கா.

அன்புள்ள கா.,

ஊர்ப்பேச்சை விடுங்கள். தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில் கூட்டை உருட்டிப் பார்த்தே விலை சொல்கிறவர்களை யாரும் இப்படிக் கேட்பதில்லை.

உங்கள் கடிதம் வந்த அன்று அம்மாவின் புடவைப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தேன். அதில் ஒரு அரக்குப் புடவை, கூடவே தைக்காத ரவிக்கைத் துணி. 1988 தீபாவளிக்கு எடுத்தது. எந்தக் கடையானாலும் அம்மா துணியை வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் வைத்துப் பார்ப்பாள். எனக்கு மானம் போகும். அன்று “ட்யூப் லைட்லயே நல்லாத்தானே தெரியுது, வாம்மா” என்று இழுத்து வந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் பிரித்தால் புடவை அரக்கு, ரவிக்கை கத்திரிக்காய். ஒன்றும் சொல்லாமல் மடித்துப் பைக்குள் வைத்தாள்.

இப்படி விளக்குக்கு விளக்கு நிறப் பொருத்தம் மாறுவதை நீங்கள் மெட்டாமெரிசம் என்பீர்கள். லைட் பாக்ஸில் பகல் வெளிச்சத்துக்கு டி65, கடை விளக்குக்கு டிஎல்84, குண்டு பல்புக்கு ஏ என்று மாற்றி மாற்றிப் போடுகிறீர்களே, அம்மாவின் கடை வாசல்தான் அது. பையர் தந்த மாதிரி பாலியெஸ்டராக இருக்கும், நீங்கள் காட்டனில் ரியாக்டிவ் சாயம் போடுவீர்கள். சாயம் வேறு, கலவை வேறு. ஒரு விளக்கில் ஒட்டும், இன்னொன்றில் பிரியும். மெஷின் காட்டும் நிற வித்தியாசம், டெல்டா ஈ, ஒன்றுக்குக் கீழே வந்தது, சரி. எந்த விளக்கில்? அந்த பையரின் கடையில் எரிவது எந்த விளக்கு என்று ஆறு வருடத்தில் ஒரு தடவையாவது கேட்டீர்களா? கடிதம் முழுக்கக் கோபம் இருக்கிறது, இந்தக் கேள்வி இல்லை. மெஷினைக் காட்டித் தப்பிக்கிறீர்கள், தம்பி. நான் ட்யூப் லைட்டைக் காட்டியது மாதிரி.

இயற்கைச் சாயமா? மஞ்சள் வெயிலில் வெளுத்துவிடும். சாயவேருக்குப் படிகாரம் கணக்காக வேண்டும், அவுரிக்குத் தொட்டி நொதிக்க வேண்டும். பையருக்குப் பயந்து அதற்குள் போகாதீர்கள்.

அந்த ரவிக்கைத் துணியில் ஒரு துண்டு வெட்டிவிட்டேன். புடவையில், முந்தானையில் கைவைக்க மனம் வரவில்லை, உள்கட்டுப் பக்கம் ஒரு துண்டு. கூரியரில் வரும். லைட் பாக்ஸுக்குள் வைத்து, எந்த விளக்கில் இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது என்று எழுதுங்கள்.