பத்து இடங்களையும் நிரப்பியே ஆக வேண்டுமா?

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது அவளுடைய விருப்பம். சதுரங்கம், கீபோர்டு, பேச்சுப் பயிற்சி, சுற்றுச்சூழல் மன்றம், கராத்தே என ஐந்துக்குப் போய்வருகிறாள். இவை போதாது, அவள் பெயரில் ஒரு தொண்டு அமைப்பைத் தொடங்குங்கள் என்கிறார் ஆலோசகர் ஒருவர். அவளோ கொஞ்சம் நேரம் கிடைத்தாலும் பழைய ரேடியோக்களைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

பதில்: நீங்கள் ஒரு குறையைப் போல எழுதியிருக்கும் அந்த ரேடியோவைத்தான் நான் முதலில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். யாரும் கட்டணம் கட்டாமல், யாரும் நினைவூட்டாமல் அவள் செய்கிற காரியம் அது ஒன்றுதான்.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் ஏற்றுக்கொள்ளும் காமன் ஆப் விண்ணப்பத்தில் செயல்பாடுகளுக்குப் பத்து இடங்கள் உண்டு. அது உச்ச வரம்பே தவிர, எட்ட வேண்டிய இலக்கு அல்ல. ஒவ்வொன்றுக்கும் விளக்கம் எழுத 150 எழுத்துகள் மட்டுமே தருகிறார்கள். கூடவே, எந்தெந்த வகுப்புகளில் செய்தீர்கள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆண்டுக்கு எத்தனை வாரம் என்று கேட்கிறார்கள். பத்து இடங்களையும் நிரப்பி ஒவ்வொன்றுக்கும் வாரம் 6 மணி நேரம் என்று போட்டால் மொத்தம் 60 மணி நேரம் ஆகிறது. பள்ளியும் வீட்டுப்பாடமும் போக ஒரு பிள்ளைக்கு அத்தனை நேரம் ஏது என்ற சந்தேகம் விண்ணப்பத்தைப் படிப்பவருக்கு உடனே எழும். காமன் ஆப்பில் சேராமல் தனி விண்ணப்பம் வைத்திருக்கும் எம்ஐடி (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்), நான்கு செயல்பாடுகளுக்குத்தான் இடம் தருகிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் விருதுகள், வேலை, தொண்டு எல்லாவற்றையும் சேர்த்து 20 வரை எழுத விடுகிறது என்றாலும், அங்கும் எண்ணிக்கைக்கு மதிப்பெண் கிடையாது.

இனி அந்த 150 எழுத்துகளுக்கு வருவோம். ‘ரேடியோ பழுதுபார்ப்பதில் மிகுந்த ஆர்வம் உண்டு, பல கருவிகளைச் சரிசெய்து அனுபவம் பெற்றேன்’ என்று ஒரு மாணவி எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொருத்தி, ‘14 ரேடியோக்களைப் பிரித்தேன், 9 பாடின, கோளாறுகளைப் படத்துடன் குறித்தேன், 3 பேருக்குச் சால்டரிங் கற்றுத்தந்தேன்’ என்று எழுதுகிறாள். முதல் வரியை ரேடியோவைத் தொடாதவரும் எழுதிவிடலாம். இரண்டாவதை எழுத, பாடாமல் போன அந்த ஐந்து ரேடியோக்களோடும் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆகவே உங்கள் மகளுக்கு இப்போது தேவைப்படுவது ஒரு நோட்டுப் புத்தகம்: என்று பிரித்தாள், என்ன பழுது, எதை மாற்றினாள், எது கைகொடுக்கவில்லை என்று தேதியோடு எழுதிவரட்டும். பழுதுபார்ப்பதில் கைதேர்ந்த ஒருவரிடம் விடுமுறையில் போய் உதவியாக இருக்கட்டும். பல நாடுகளில் பள்ளி மாணவர்களும் அமெச்சூர் ரேடியோ (சொந்த ஆர்வத்தில் ரேடியோ அலைவழி மற்றவர்களோடு தொடர்புகொள்வது) உரிமத் தேர்வை எழுத முடிகிறது. மனம் இருந்தால் அதையும் முயலலாம். ஆனால் இவற்றையெல்லாம் நீங்கள் அட்டவணை போட்டுத் திணித்தால், அவளுக்கென்று இருந்த ஒரே இடமும் ஆறாவது டியூஷன் ஆகிவிடும் என்பதை மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன்.

தொண்டு அமைப்பு வேண்டாம். விண்ணப்பத்துக்காகத் தொடங்கியது விண்ணப்பத்தோடு நின்றுவிடும். அதை நம்பி வந்த சிறுவர்களோ முதியவர்களோதான் நடுவில் விடப்படுவார்கள். ஹார்வர்டின் கல்வியியல் பள்ளி 2016இல், பல கல்லூரிகளின் சேர்க்கைப் பொறுப்பாளர்களுடைய ஆதரவோடு வெளியிட்ட அறிக்கை, செயல்பாடுகளின் எண்ணிக்கையைவிடத் தரமே முக்கியம் என்றும், தொண்டு என்றால் குறைந்தது ஓராண்டாவது தொடர்ந்து செய்ய வேண்டும் என்றும் வலியுறுத்தியது.

மற்ற ஐந்தையும் பற்றி அவளிடமே கேளுங்கள்: ஒரு மாதம் வகுப்பு இல்லை என்றால் எதற்காக ஏங்குவாள்? அந்த ஒன்றோ இரண்டோ இருக்கட்டும். மிச்சமாகும் நேரத்தில் முதல் பங்கு பாடங்களுக்குப் போக வேண்டும், ஏனென்றால் தேர்வுக் குழு முதலில் பார்ப்பது மதிப்பெண்களையும் எடுத்துப் படித்த பாடங்களின் கடினத்தையும்தான். பிரிட்டனுக்கும் விண்ணப்பிப்பதாக இருந்தால் ஒரு சொல்: ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் போன்றவை, படிக்கப்போகும் பாடத்தோடு ஒட்டிய ஈடுபாட்டைத்தான் பெரிதாகக் கருதுகின்றன. பொறியியல் கேட்டால் ரேடியோ அங்கும் துணை நிற்கும்.

கேள்வி: நான் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன். பெற்றோர் இருவரும் வேலைக்குப் போவதால் பள்ளி விட்டதும் தம்பியை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். சனி, ஞாயிறுகளில் பகுதிநேர வேலைக்குப் போகிறேன். எந்த மன்றத்திலும் சேர முடியவில்லை. செயல்பாடுகள் பகுதியைக் காலியாக விட்டுவிடவா?

பதில்: விடவே கூடாது. காமன் ஆப் தரும் வகைப் பட்டியலில் ‘குடும்பப் பொறுப்புகள்’ என்றும் ‘ஊதியம் பெறும் வேலை’ என்றும் தனித்தனியாகவே இருக்கின்றன. மேலே சொன்ன அறிக்கையும் வீட்டுக்காக மாணவர்கள் சுமக்கும் பொறுப்பைத் தேர்வுக் குழுக்கள் மதிக்க வேண்டும் என்றே கேட்டுக்கொண்டது. நீங்கள் செய்வது தொண்டுக்கும் தலைமைக்கும் எந்த வகையிலும் குறைந்ததல்ல. எழுதும்போது தயங்கித் தயங்கி எழுதாதீர்கள். ‘தம்பியைப் பார்த்துக்கொள்கிறேன்’ என்பதோடு நிறுத்தாமல், பள்ளியிலிருந்து அழைத்து வருவது, சாப்பாடு போடுவது, வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுப்பது என்று உள்ளதை உள்ளபடி குறியுங்கள். மணிக்கணக்கை உத்தேசமாகப் போட வேண்டாம். இந்த வாரம் முழுவதும் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்து வையுங்கள், பெரும்பாலும் நீங்கள் நினைப்பதைவிடக் கூடுதலாகவே வரும். பரிந்துரைக் கடிதம் எழுதும் ஆசிரியருக்கு உங்கள் வீட்டு நிலை தெரியாமல் இருக்கலாம். அவர் எழுதத் தொடங்கும் முன்பே நேரில் சொல்லிவிடுங்கள்.