லட்சுமிகாந்தனைக் கொன்றது யார்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பாட்டு நடிகர் எம்.கே. தியாகராஜ பாகவதரும் சிரிப்பு நடிகர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் பணம் கொடுத்துத்தான் லட்சுமிகாந்தனைக் கொன்றார்கள், லண்டன் வரை போய்த் தப்பித்துக்கொண்டார்கள் என்று எங்கள் தெருப் பெரியவர் அடித்துச் சொல்கிறார். உண்மையா?
– கும்பகோணம் வாசகர்

பதில்: இல்லை. "தப்பித்துக்கொண்டார்கள்" என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. உயர் நீதிமன்றச் செய்தி எழுதியே பிழைத்தவன் நான். விடுதலை பெற்றவரைக் குற்றவாளியாகவே நினைத்துக்கொண்டிருக்கும் பழக்கம் நம் ஊரில் எத்தனை குடும்பங்களைத் தின்றிருக்கிறது என்று பார்த்திருக்கிறேன்.

சி.என். லட்சுமிகாந்தன் யார் என்பதை முதலில் சொல்ல வேண்டும். போர்ஜரி வழக்கில் தண்டனை பெற்று அந்தமான் வரை போய்த் திரும்பியவர். 'சினிமா தூது' என்ற பத்திரிகையில் நடிகர், நடிகையரின் படுக்கையறைச் சங்கதிகளை எழுதித் தள்ளினார். எழுதாமல் இருப்பதற்கும் பணம் வாங்கினார் என்று அன்றைய திரையுலகம் முழுவதும் பேசியது. போர்க்காலம் அது, காகிதத்துக்குக் கட்டுப்பாடு, பத்திரிகை நடத்த அரசின் அனுமதி வேண்டும். பாகவதர், என்.எஸ். கிருஷ்ணன், கோவை பட்சிராஜா ஸ்டுடியோ ஸ்ரீராமுலு நாயுடு மூவரும் கவர்னர் ஆர்தர் ஹோப்பிடம் மனுக் கொடுத்தார்கள். அனுமதி ரத்தானது. லட்சுமிகாந்தன் ஓயவில்லை. 'இந்து நேசன்' என்ற பத்திரிகையைக் கையில் எடுத்துக்கொண்டு பழையபடி தொடங்கினார்.

பகை இருந்தது, அதை யாரும் மறைக்கவில்லை. ஆனால் மனுக் கொடுத்தவன் கத்தியும் கொடுத்தான் என்று ஆகிவிடாது.

1944 நவம்பர் 8. வேப்பேரியில் தன் வக்கீலைப் பார்த்துவிட்டுக் கை ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்தவரை வழிமறித்துக் குத்தினார்கள். அதற்குச் சில வாரங்கள் முன்பும் ஒருமுறை அவர் தாக்கப்பட்டிருந்தார். இந்த முறை குத்துப்பட்ட உடம்போடு வக்கீல் வீட்டுக்கே திரும்பி வந்து நடந்ததைச் சொன்னார். பொது மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் இறந்தார்.

டிசம்பரில் பாகவதரும் கலைவாணரும் கைதானார்கள். நாயுடுவும் கைதானார். உயர் நீதிமன்றத்தில் நீதிபதி மாக்கெட் முன்பு, ஜூரி வைத்து, அதாவது குற்றவாளியா இல்லையா என்று சொல்லப் பொதுமக்களிலிருந்து எடுத்த குழுவை வைத்து, விசாரணை. அரசுத் தரப்பு பெரிதும் நம்பியிருந்தது ஓர் அப்ரூவரின் வாக்குமூலத்தை. தானும் சதியில் இருந்தவன், மன்னிப்புக் கிடைக்கும் என்பதற்காகக் கூட்டாளிகள் பெயரைச் சொல்பவன். அவன் சொல்வதை வேறு சாட்சியம் தாங்கிப் பிடிக்காவிட்டால் ஏற்பது ஆபத்து என்று எந்த முன்சீப் கோர்ட்டு குமாஸ்தாவும் சொல்வார். ஒன்பது ஜூரிகளில் ஆறு பேர் குற்றவாளிகள் என்றார்கள், மூன்று பேர் இல்லை என்றார்கள். அந்த ஆறுக்கு மூன்றில் இருவருக்கும் ஆயுள் தண்டனை விழுந்தது. நாயுடு மட்டும் விடுதலையானார்.

உயர் நீதிமன்றத்தில் முதல் மேல்முறையீடு தோற்றது. வழக்கு, அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. பெரியவர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கும் இடம் இதுதான். லண்டன் அவர்களை விடுதலை செய்யவில்லை; மேல்முறையீட்டை மறுபடி விசாரியுங்கள் என்று சென்னைக்கே திருப்பி அனுப்பியது. இங்கே அவர்களுக்காக வக்கீல் எத்திராஜ் வாதாடினார். நீதிபதிகள் ஹாப்பெல், ஷஹாபுதீன் இருவரும் சாட்சியங்களைப் புரட்டிப் பார்த்து, இதை வைத்துத் தண்டிக்க முடியாது என்று 1947 ஏப்ரலில் இருவரையும் விடுவித்தார்கள். தீர்ப்பு நம் சென்னையின் தீர்ப்பு.

அப்படியானால் லட்சுமிகாந்தனைக் கொல்லச் சொன்னது யார்? அந்தக் கேள்வி அங்கேயே நின்றுவிட்டது. அவர் எழுதியது அசிங்கம், சந்தேகமில்லை. அதற்காக நடுத்தெருவில் ஒரு மனிதனைக் குத்திச் சாய்க்கலாம் என்று ஆகிவிடுமா? எண்பது ஆண்டுகளாகப் பாகவதருக்காக அழுகிறோம். செத்தவனின் வழக்கு முடியவே இல்லை என்பதை ஒருவரும் கணக்கில் வைப்பதில்லை.

கேள்வி: இருவரும் ஒன்றாகத்தான் சிறையிலிருந்து வந்தார்கள். எங்கள் ஊர்க்காரர் கலைவாணர் மறுபடி எழுந்துவிட்டார். பாகவதரால் முடியவில்லையே, ஏன்?
– நாகர்கோவில் வாசகி

பதில்: வழக்குதான் பாகவதரை வீழ்த்தியது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம்.

ஜனங்கள் அவரை ஒதுக்கவில்லை. 1944 தீபாவளிக்கு பிராட்வே தியேட்டரில் வெளியான 'ஹரிதாஸ்' மூன்று தீபாவளி கண்டது. அதாவது, அவர் கைதிச் சட்டையில் இருந்த நாட்களிலும் டிக்கெட் விற்றுக்கொண்டே இருந்தது. கைவிட்டது தொழில்தான். 'உதயணன் வாசவதத்தா'வில் அவர் நடிக்க இருந்த இடத்தில் ஜி.என். பாலசுப்பிரமணியம் நடித்தார்.

கலைவாணருக்கு வெளியே ஒரு படையே காத்திருந்தது. டி.ஏ. மதுரம் நாடகக் குழுவைச் சிதறவிடாமல் நடத்தினார், எஸ்.வி. சகஸ்ரநாமம் தோள் கொடுத்தார். வழக்குச் செலவுக்கு அலைந்ததும் மதுரம்தான். 'பைத்தியக்காரன்' படத்தில், விடுதலையாகி வந்த கலைவாணருக்காகவே காட்சிகளைச் சேர்த்தார்கள். சிறையில் இருந்து வந்தவர் நேராகத் தம் ஆட்களோடு வேலையில் இறங்கினார். மேலும், அவருடைய சரக்கு சிரிப்பும் பேச்சும். வரப்போகிற காலத்துக்கு ஏற்ற சரக்கு.

பாகவதர் தனி ஆள். அவர் சொத்து குரல் ஒன்றே. 1948-ல் 'ராஜமுக்தி' வந்தது, எடுபடவில்லை. 1952 தீபாவளிக்கு 'பராசக்தி' வந்தபோது, பாட்டுக்காகப் படம் பார்த்த ஜனங்கள் வசனத்துக்காகப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். சிறைக்கே போகாவிட்டாலும் அந்த அலை அவரை அடித்திருக்கும் என்றே நினைக்கிறேன். என்ன, பட்ட அவமானம் இல்லாமல் வயதாகியிருக்கலாம். கலைவாணர் 1957-லும் பாகவதர் 1959-லும் போய்ச் சேர்ந்தார்கள். இருவரும் ஐம்பதைத் தொடவில்லை.

கேள்வி: நானாவதி வழக்குதான் இந்தியாவின் கடைசி ஜூரி வழக்கா?
– மதுரை வாசகர்

பதில்: இல்லை. அதற்குப் பிறகும் சில இடங்களில் ஜூரி இருந்தது. 1973-ல் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம்தான் முழுதாக எடுத்தது. பார்சி திருமண வழக்குகளில் ஜூரி போன்ற ஓர் ஏற்பாடு அதன் பிறகும் தொடர்ந்தது.

1959 ஏப்ரல் 27 அன்று பம்பாயில் கடற்படை அதிகாரி நானாவதி, தன் மனைவியின் காதலர் பிரேம் அகுஜாவை மூன்று முறை சுட்டார். கைகலப்பில் துப்பாக்கி வெடித்தது என்றார். ஆனால் குளித்துவிட்டு வந்த அகுஜாவின் இடுப்பில் கட்டியிருந்த துண்டு கட்டியபடியே இருந்தது. கட்டிப் புரண்டிருந்தால் முதலில் அவிழ்வது அதுதானே? ஆனால் கரஞ்சியாவின் 'பிளிட்ஸ்' பத்திரிகை வாராவாரம் நானாவதியை வீரனாக்கிக்கொண்டிருந்தது. ஜூரிகள் எட்டுக்கு ஒன்று என்று விடுவித்தார்கள். செஷன்ஸ் நீதிபதி அதை ஏற்க மறுத்து உயர் நீதிமன்றத்துக்கு அனுப்ப, ஆயுள் தண்டனை கிடைத்தது. உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. 1964-ல் மன்னிப்பு வழங்கியவர் அப்போதைய மகாராஷ்டிர கவர்னர் விஜயலட்சுமி பண்டிட். அதற்கு முன் அகுஜாவின் சகோதரி மேமியிடம் சம்மதம் எழுதி வாங்கியிருந்தார்கள்.