துப்பாக்கி உள்ள வீட்டுக்குப் பிள்ளைகளோடு போகிறோம், என்ன கேட்பது?

கேள்வி: நான் நகரத்திலேயே வளர்ந்தவள். விடுமுறைக்கு 2 பிள்ளைகளோடு கணவரின் அண்ணனுடைய பண்ணை வீட்டுக்குப் போகிறோம். அவர் துப்பாக்கி வைத்திருக்கிறார். எனக்குப் பயம். கேட்டால் அவர் மனம் நோகுமோ என்றும் தயக்கம்.

பதில்: கேளுங்கள். புறப்படுவதற்கு முன்பே, தொலைபேசியில். "எதற்கு அதெல்லாம்?" என்று மட்டும் தொடங்காதீர்கள். பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிக்கும் ஆட்டுக்குட்டியைத் தூக்கும் நரிக்கும் துப்பாக்கி எடுத்துப் பழகியவருக்கு அது மண்வெட்டி மாதிரி ஒரு சாமான். உங்களுக்கோ அது செய்தியில் பார்த்த குற்றம். அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 2023-இல் கேட்டபோது, கிராமப்புறத்தில் 47 சதவீதம் பேர் தங்களிடம் துப்பாக்கி உண்டு என்றார்கள். நகரங்களில் 20 சதவீதம்தான். இந்தப் பார்வை வேறுபாட்டைப் போனில் தீர்க்க முடியாது.

இப்படிக் கேளுங்கள்: "மாமா, சின்னது இரண்டும் கண்டதையும் எடுக்கும். துப்பாக்கியைப் பூட்டித்தானே வைத்திருக்கிறீர்கள்? தோட்டா எங்கே இருக்கிறது?"

காலியான துப்பாக்கி பூட்டுக்குள், தோட்டா வேறிடத்தில் தனிப் பூட்டில், சாவி பெரியவர் கையில். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி சொல்வதும் பெரும்பாலும் இதுதான். "பரண்மேல் இருக்கிறது, எட்டாது" என்பது பதிலே இல்லை. நாற்காலி போட்டு ஏறத் தெரியாத பிள்ளை எது?

"காலிதான்" என்ற சொல்லையும் அப்படியே நம்பாதீர்கள். மேகசினை, அதாவது தோட்டாக்களை அடுக்கும் பெட்டியை, கழற்றிய பிறகும் குழலின் அடியில் ஒரு தோட்டா தங்கியிருக்கலாம். பல விபத்துகள் அந்த ஒற்றைத் தோட்டாவால்தான். குழலின் பின்பக்கத்தை மூடும் போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து, உள்ளே கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பார்த்தால்தான் காலி. அதை அவரே செய்யட்டும். நீங்கள் தொட வேண்டாம்.

பிள்ளைகளிடம் "பார்த்தால் தொடாதே, அந்த இடத்தை விட்டு வந்துவிடு, எங்களிடம் சொல்" என்று சொல்லி வையுங்கள். ஆனால் ஆர்வம் வந்த பிள்ளைக்கு அந்தப் பாடம் நினைவில் நிற்காது. பூட்டுதான் காக்கும்.

இன்னொன்று, இதை யாரும் கேட்பதில்லை. அமெரிக்காவில் துப்பாக்கிச் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலை. அந்த வீட்டில் யாராவது மனம் ஒடிந்திருந்தால், பூட்டும் போதாது. கொஞ்ச காலத்துக்குத் துப்பாக்கி அங்கே இருக்கவே கூடாது. இதை உங்கள் கணவர் அண்ணனிடம் தனியே பேசட்டும்.

நல்ல வேட்டைக்காரர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார், பூட்டையே காட்டுவார். மழுப்பினால், இந்த விடுமுறைக்கு அவர்களை உங்கள் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.