'என்று நினைத்தாள்' இல்லாமலே நவீனச் சிறுகதையில் ஒருத்தியின் நினைப்பு எப்படித் தெரிகிறது?

ஒரு வரி யாருடையது என்று கேட்டுக்கொண்டே படித்தால் பிடிபட்டுவிடும். எனக்கு ஊர் பாம்பன். ஏப்ரல் 15-இல் இங்கே 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அதை வைத்தே எழுதிக் காட்டுகிறேன்.

"வட்டிக்காரர் நாளைக்கு வந்து நிற்பாரே என்று அந்தோணியம்மாள் கவலைப்பட்டாள்." இது பழைய முறை. அவள் மனதைக் கதைசொல்லி நமக்கு எடுத்துச் சொல்கிறார்.

இப்போது இதைப் பாருங்கள்: "அந்தோணியம்மாள் கரைக்கு வந்தாள். படகுகள் வரிசையாகக் கிடந்தன. வட்டிக்காரர் நாளைக்கு வந்து நிற்பார். நிற்கட்டும். அவளிடம் என்ன இருக்கிறது, எடுத்துக்கொண்டு போக?"

'நிற்கட்டும்' என்றது யார்? கதைசொல்லிக்கு வட்டிக்காரர் மேல் என்ன கோபம்? அது அவளுடையது. ஆனால் 'என்னிடம்' என்று வரவில்லை, 'அவளிடம்' என்றுதான் வருகிறது. ஆள் படர்க்கையில், கோபம் தன்மையில். ஆங்கிலத்தில் இப்படி எழுதினால் வினையையும் இறந்தகாலத்துக்குத் தள்ளுவது வழக்கம். தமிழில் 'நிற்பார்' அப்படியே இருக்கலாம். அதனாலேயே இந்த உத்தி நம் மொழியில் இன்னும் நெருக்கமாகக் கேட்கிறது என்பேன்.

ஆங்கிலத்தில் எழுதிய காதரின் மான்ஸ்ஃபீல்டின் 'மிஸ் பிரில்' (1920) என்ற சிறுகதை இதன் உச்சம். ஞாயிறுதோறும் பூங்காவுக்கு வரும் தனிமையான பெண். பெஞ்சில் இருக்கும் முதியவர்கள் இருட்டறையிலிருந்தோ அலமாரிக்குள்ளிருந்தோ வந்தவர்கள் போல அவளுக்குத் தோன்றுகிறது. ஓர் இளம் ஜோடி அவளைக் கேலி செய்வது காதில் விழுந்து அவள் வீடு திரும்பும்போது, அவள் அறையே அலமாரி போன்றது என்று வருகிறது. அழுதாள் என்று கதை சொல்வதே இல்லை. எனக்கு அந்த இடத்தைத் தாண்ட வெகுநேரம் ஆனது.

பேச்சு வேறு மாதிரி வேலை செய்யும். ஏலக் கரையில் ரெண்டு பேர் நண்டு விலையைப் பேசுவார்கள், உள்ளே கடன் ஓடிக்கொண்டிருக்கும். நல்ல கதையில் நண்டு விலை மட்டும்தான் வாய்விட்டு வரும்.

சரி, தமிழில் எங்கே தொடங்கலாம்? புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்'. டிராமில் போனால் மிஞ்சும் காசில் வெற்றிலை, பஸ்ஸில் போனால் அரை கப் காப்பி என்று பிள்ளை தெருவோரத்தில் நின்று போடும் மனக்கணக்கை, இடையில் நுழையாமல் ஓட விடுகிறார். முதல் பக்கத்தை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், கதைசொல்லி நிறுத்திப் பிள்ளை தொடங்கும் இடம் காதுக்கே தெரியும்.