மிதிப்பதை நிறுத்தினாலும் நிற்காத பெடல்

சைக்கிள் கேள்வி – பதில்

கேள்வி: என் கணவர் உப்பளத்தில் வேலை செய்கிறார். பழைய கறுப்பு சைக்கிளில்தான் போய்வருகிறார். கொஞ்ச நாளாக, மிதிப்பதை நிறுத்தினாலும் பெடல் தானாகச் சுற்றுகிறது. காலால் அழுத்திப் பிடித்தால் செயின் தொய்ந்து கவரில் இடிக்கிறது. சில நேரம் கழன்றும் விடுகிறது. மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினோம். சில நாள் நன்றாக இருந்தது, மறுபடி பழைய கதைதான். கடையில் ஃப்ரீவீலை, அதாவது பின்சக்கரத்தில் செயின் மாட்டும் பல்சக்கரத்தை, மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?
– ஒரு வாசகி, வேதாரண்யம்

பதில்: சகோதரி, மாற்றுவதற்கு முன் ஒரு குடம் நல்ல தண்ணீர் செலவழித்துப் பாருங்கள். தண்ணீர் பட்டால் துருப்பிடிக்காதா என்பீர்கள். வேறு ஊர்க்காரராக இருந்தால் நானும் தண்ணீரைச் சொல்லமாட்டேன். உப்பு மண்ணெண்ணெயில் கரையாது. எண்ணெய்ப் பிசுக்கும் கறுப்பு அழுக்கும்தான் அதில் போகும். உப்பு உள்ளேயே உட்கார்ந்துகொண்டு, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து மறுபடி துருவைக் கிளப்பும். சில நாள் ஓடிவிட்டு மீண்டும் பிடித்துக்கொண்டதற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

ஆனால் குற்றவாளி ஃப்ரீவீல்தானா என்று முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஸ்டாண்டு போட்டுப் பெடலை வேகமாகச் சுற்றிவிட்டு, ஒரு விரலால் பெடலைத் தடுத்துப் பாருங்கள். நல்ல ஃப்ரீவீல்கூட, பாரம் இல்லாதபோது பெடலைச் சற்று இழுத்துக்கொண்டு போகும். விரல் பட்டதும் பெடல் நின்று சக்கரம் மட்டும் ஓடினால் கோளாறு இல்லை. விரலைத் தள்ளிக்கொண்டு போனாலோ, மேல்பக்கச் செயின் தொய்ந்தாலோ, செயினின் இரு முனைகளையும் இணைக்கும் செயின் லாக்கைக் கழற்றிச் செயினை எடுத்துவிடுங்கள். இப்போது ஃப்ரீவீலை மட்டும் கையால் பின்னோக்கிச் சுற்றுங்கள். கரகரவென்று முரண்டு பிடித்தால் நோய் அதில்தான். லேசாகச் சுற்றினால் செயினைக் கையில் எடுத்துக் கண்ணி கண்ணியாக மடக்கிப் பாருங்கள். துருவேறி மடங்காத கண்ணிகள் இருந்தாலும் செயின் இப்படித்தான் மக்கர் செய்யும்.

இன்னொன்று: ஃப்ரீவீலுக்கும் ஹப்புக்கும் (சக்கரத்தின் நடுக்குடம்) நடுவில் உள்ள இடுக்கில் டார்ச் அடித்துப் பாருங்கள். சாக்கு நூல், நைலான் கயிற்றுப் பிசிறு, சேலை நூல், தலைமுடி எல்லாம் அங்கே போய் இறுகச் சுற்றிக்கொள்ளும். புது ஃப்ரீவீல் கேட்டு என் கடைக்கு வந்த எத்தனையோ பேரை, ஒரு கொக்கி ஊசியால் நூலை உருவி எடுத்துவிட்டு அப்படியே திருப்பி அனுப்பியிருக்கிறேன். வியாபாரத்துக்கு நஷ்டம்தான்.

உள்ளே இருப்பது பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. நடுவே ஹப்போடு சேர்ந்து சுற்றும் கட்டை. அதில் நாக்கு மாதிரி இரண்டு சிறு உலோகத் துண்டுகள், ஒவ்வொன்றையும் தூக்கிப் பிடிக்க முடி போன்ற மெல்லிய ஸ்பிரிங். வெளி வளையத்தின் உட்புறம் ரம்பப் பற்கள். முன்னால் மிதித்தால் நாக்கு பல்லில் மாட்டிச் சக்கரத்தைத் தள்ளும். மிதிப்பதை நிறுத்தினால் பற்களின் மேல் வழுக்கிப் போகும். கட்டைக்கும் வளையத்துக்கும் இடையே பொடிக் குண்டுகள். அந்தக் குண்டுகளின் ஓடுபாதையில் துருவும் உப்பும் சேர்ந்தால் வளையம் கட்டையோடு ஒட்டிக்கொண்டு சுற்றும். உங்கள் வீட்டில் நடப்பது அதுதான்.

பின்சக்கரத்தைக் கழற்றி, ஃப்ரீவீல் மேலே இருக்கும்படி ஒரு பழைய பேசினில் படுக்க வையுங்கள். வளையத்துக்கும் கட்டைக்கும் நடுவே கோடு போல ஓர் இடுக்கு தெரியும். கிணற்று நீர் உப்புக் கரித்தால் வேண்டாம், குடிநீரையே வெதுவெதுப்பாக்கி அந்த இடுக்கில் ஊற்றிக்கொண்டே ஃப்ரீவீலைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். செங்காவி நிறத்தில் வழியும். தெளிந்து வரும்வரை விடாதீர்கள். பிறகு உச்சி வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். அதன்பின் மண்ணெண்ணெய், கிடைக்காவிட்டால் டீசல். பெட்ரோல் கூடவே கூடாது, தீப்பிடிக்கும். அதுவும் வடிந்த பிறகு தையல் இயந்திர எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுச் சுற்றினால், மந்தமாக இருந்த சத்தம் மெல்ல மெல்ல ‘டிக் டிக்’ என்று தெளிவதைக் காதாலேயே கேட்கலாம். ரிம்மில் எண்ணெய் பட்டிருந்தால் துடைத்துவிடுங்கள், பிரேக் பிடிக்காது. தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் எதையும் விடாதீர்கள், நாள்பட்டால் பிசினாகிவிடும்.

இத்தனைக்குப் பிறகும் கரகரத்தால் குண்டு ஓடும் பாதை அரித்துப்போயிருக்கிறது என்று பொருள். அப்போது தாராளமாக மாற்றுங்கள், பிரித்துப் பழுது பார்ப்பது வீண். ஃப்ரீவீல் மூடியின் மரை இடப்பக்கமாக வெட்டியது, அதாவது கடிகார முள் திசையில் சுற்றினால்தான் கழலும். தெரியாமல் எதிர்ப்பக்கம் அடித்து இறுக்கியவர்கள் ஏராளம். திறந்தால் குண்டுகள் திண்ணை முழுக்க ஓடும். புதிதை மாட்டும்போது ஹப் மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவச் சொல்லுங்கள். மிதிக்க மிதிக்க இறுகும் மரை அது. கிரீஸ் இல்லாமல் உப்புக் காற்றில் கிடந்தால் அடுத்த முறை கழற்றுவதற்குள் சக்கரமே போய்விடும்.

செயின் லாக்கைத் திரும்ப மாட்டும்போது, அதன் பிளவுபடாத முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். மேல்பக்கத்தில் என்றால் அது முன்சக்கரப் பக்கம்.

கேள்வி: ஐயா, பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிளில் பள்ளிக்குப் போகிறேன். போன வாரம் கடையில் சர்வீஸ் செய்ததிலிருந்து, மிதிக்கும்போது திடீரென்று பெடல் வெறுமனே சுற்றுகிறது. விழப் பார்த்தேன்.
– ஒரு மாணவி, திருத்துறைப்பூண்டி

பதில்: தங்கச்சி, இது சரியாகும்வரை எழுந்து நின்று மிதிக்காதே, வண்டிகள் வரும் சாலையில் ஓட்டவே வேண்டாம். சர்வீஸ் செய்தவர் நல்லெண்ணத்தில் ஃப்ரீவீலுக்குள் கிரீஸை அடைத்திருப்பார் என்று சந்தேகிக்கிறேன். இந்தப் பழக்கத்தைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த முடி ஸ்பிரிங்குக்குக் கெட்டி கிரீஸிலிருந்து நாக்கைத் தூக்கிவிடத் தெம்பில்லை. நாக்கு படுத்தே கிடக்கும், பெடல் காற்றில் சுற்றும். டீசல் விட்டுக் கிரீஸ் முழுவதையும் வெளியேற்றி, மெல்லிய எண்ணெய் விடச் சொல். பிறகும் ஒரே ஒரு முறை வழுக்கினால்கூட ஸ்பிரிங் உடைந்திருக்கும். அன்றே புது ஃப்ரீவீல் போட்டுவிடச் சொல்.

கேள்வி: புதுச் செயின் போட்டேன். அழுத்தி மிதித்தால் ‘டடக்’ என்று பல் தாண்டுகிறது. செயின் போலியா?
– ஒரு வாசகர், திருவாரூர்

பதில்: செயின் நல்லதாகத்தான் இருக்கும். பழைய செயின் நீண்டு, ஃப்ரீவீல் பற்களையும் தன் அளவுக்குத் தேய்த்துவிட்டது. கொக்கி போல வளைந்த அந்தப் பற்களில் புதுச் செயின் உட்காராது. ஃப்ரீவீலையும் மாற்றுங்கள். இனி அவ்வப்போது 12 அங்குல ஸ்கேலைச் செயினில் வைத்துப் பாருங்கள். கண்ணிகளை இணைக்கும் ஓர் ஆணியின் நடுவில் பூஜ்யம் இருந்தால், 12 என்ற கோடும் ஓர் ஆணியின் நடுவில் விழ வேண்டும். ஆணி 1/16 அங்குலம் தள்ளிப் போனதுமே செயினை மட்டும் மாற்றினால் பல் தப்பிக்கும். 1/8 அங்குலம் வரை விட்டால் இரண்டுக்கும் செலவு.

கேள்வி: நண்பனின் சைக்கிள் சும்மா உருளும்போது ‘டிக் டிக்’ என்று கணீரென்று சத்தம் போடுகிறது. என்னுடையது ஊமை. என்னுடையது மட்டமா?
– ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: இல்லை. உள்ளே எண்ணெய் நிறைய இருந்தால் சத்தம் குறையும். உங்கள் நண்பர்தான் கொஞ்சம் எண்ணெய் விட வேண்டியிருக்கலாம். ஆனால் இத்தனை நாள் சத்தம் போட்டது திடீரென்று ஊமையானது என்றால், மேலே அந்த மாணவிக்குச் சொன்னதை நீங்களும் செய்யுங்கள்.